கணினி வலையமைப்பைப் படம் வரைந்து காவல் காக்கலாம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு நினைவிருக்கும். விடியும் முன்பே ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் புரட்டிப் பேர் போடுவார். ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் மண்டோராக இருந்த என் தாத்தாவுக்குப் புத்தகம் தேவைப்படாது. வரிசையை ஒருமுறை பார்த்தாலே இன்று யார் வரவில்லை என்று சொல்லிவிடுவார். கிராணி அதையே கண்டுபிடிக்க நாலு பக்கம் புரட்ட வேண்டும். இருவரிடமும் இருந்தது ஒரே தகவல்தான். ஒருவருக்கு அது பட்டியல், மற்றவருக்குக் காட்சி.

கணினி வலையமைப்பைக் காவல் காப்பவர்களும் கிராணியின் நிலையில்தான் இருக்கிறார்கள். ஒரு கணினி இன்னொன்றைத் தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஒரு வரி சேரும். அதில் நேரம், அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, போர்ட் எண், தகவலின் அளவு ஆகியவை இருக்கும். முகவரியை வீட்டு எண் என்று வைத்துக்கொண்டால், போர்ட் அந்த வீட்டின் கதவு. ஒரு வீட்டுக்கு 0 முதல் 65,535 வரை கதவுகள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்கள் பெரும்பாலும் 443ஆம் கதவு வழியே வரும். இணையப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்பது 53ஆம் கதவில். ஓர் அலுவலகத்தில் நாளொன்றுக்கு இப்படி இலட்சக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். அதை எந்த மனிதனும் உட்கார்ந்து படிக்க முடியாது.

ஆகவே படம் வரைகிறார்கள். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் கதவு எண், ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு புள்ளி. சாதாரண நாளில் 53, 443 போன்ற சில எண்களில் மட்டும் புள்ளிகள் நெருங்கி, படுத்த கோடுகளாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் வெறுமை. இப்போது வெளியிலிருந்து ஒருவன் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்க 1, 2, 3 என்று வரிசையாகத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அது சாய்ந்த கோடாக ஏறும். அவன் கெட்டிக்காரனாக இருந்து, சந்தேகம் வராதபடி மணிக்கு ஒரு கதவு என்று மெதுவாகத் தட்டினால்? பட்டியலில் அந்த வரிகள் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே காணாமல் போகும். ஆனால் ஒரு மாதத் தகவலை ஒரே படத்தில் சுருக்கிப் பாருங்கள், கோடு தெரியும். வரிசையைக் கலைத்துத் தட்டினால் கோடு வராதுதான். ஆனாலும் வெறுமையாக இருந்த இடத்தில் தூசி படிந்ததுபோல் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. மலேசிய நேரம் பிற்பகல் 1.30 மணி அளவில் ‘ஸ்லாமர்’ என்ற புழு நிரல் பரவத் தொடங்கியது. அதன் அளவு வெறும் 376 பைட். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, 1434ஆம் கதவில் அது நுழைந்தது. தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 130 மடங்கு! 10 நிமிடத்துக்குள், தாக்கப்படக்கூடிய கணினிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அதன் வசமாயின. குறைந்தது 75,000 கணினிகள். தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏடிஎம் இயந்திரங்கள் செயலிழந்தன.

அந்த 10 நிமிடத்தில் படம் யாரையும் காப்பாற்றியிருக்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் நெரிசல் முழுவதும் ஒரே கதவில் குவிந்திருப்பது தெரிந்ததும், வலையமைப்பு நடத்துநர்கள் 1434ஐ அடைத்தார்கள். நெரிசல் தணிந்தது.

பின்னர் அமெரிக்காவின் கெய்டா ஆய்வு மையம் ஸ்லாமரின் பரவலை உலக வரைபடத்தில் வட்டங்களாகக் காட்டியது. எண்ணிக்கை கூடினால் வட்டமும் பெரிதாகும். கூடுதல் கணிதம் படிக்கும் மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். வட்டத்தின் விட்டம் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல, அதன் மடக்கையைப் பொறுத்தது. 10, 100, 1000 என்பவை 1, 2, 3 ஆகச் சுருங்கிவிடும். பக்கத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க அப்படிச் செய்தார்கள், அதைப் படத்தின் அடியில் எழுதியும் வைத்தார்கள். அடிக்குறிப்பைப் படிக்காதவர் பாதிப்பை மிகக் குறைவாக எடைபோடுவார்.

நம் நாட்டில் 1997இல் தொடங்கிய மைசெர்ட், இப்போது சைபர் செக்கியூரிட்டி மலேசியாவின் கீழ் இயங்குகிறது. அதன் திட்டங்களில் ஒன்று லெபாநெட். லெபா என்றால் மலாயில் தேனீ. உண்மையான சர்வர்போல் நடிக்கும் பொறிகளை இணையத்தில் வைத்து, யார் வந்து தட்டுகிறார்கள் என்று பதிவு செய்வது இதன் வேலை. இப்படிப்பட்ட பதிவுகளை வரைபடத்தில் பார்க்கும்போது “அந்த நாட்டுக்காரன் நம்மைத் தாக்குகிறான்” என்று உடனே சொல்லத் தோன்றும். வரைபடம் காட்டுவது தட்டிய கணினி இருக்கும் இடத்தைத்தான். அதை இயக்குபவன் வேறு கண்டத்தில் இருக்கலாம். கணினியின் சொந்தக்காரருக்கே விஷயம் தெரியாமலும் இருக்கலாம்.

நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில், கணினி அறையின் இணையம் மெதுவாகிக்கொண்டே போனது. ஹேக்கர் வேலை என்று படிவம் நான்கு மாணவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். ரவுட்டரில் இருந்த பதிவை எடுத்து, கட்டம் போட்ட தாளில் 7 பத்தி, 24 வரிசை வரைந்தோம். நாளுக்கு ஒரு பத்தி, மணிக்கு ஒரு கட்டம். தொடர்பு அதிகமான கட்டத்துக்கு அடர்ந்த நீலம், குறைவானதற்கு வெளிர் நீலம். பள்ளி நேரத்தில் நீலம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம், இருந்தது. கூடவே தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓர் அடர்ந்த பட்டை. அந்த நேரத்துப் பதிவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே கணினியிலிருந்து வந்தவை. யாரோ அணைக்காமல் விட்ட கணினி, இரவில் மென்பொருள் புதுப்பிப்பை இறக்க முயன்று, பாதியில் நின்று, மறுநாள் மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. ஹேக்கர் இல்லை என்றதும் மாணவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க, பெற்றோரின் அனுமதியோடு ரவுட்டரின் பதிவுப் பக்கத்தைத் திறந்து ஒரு வாரத் தகவலைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத் தாளை எறிந்துவிடாதீர்கள். அடுத்த வாரத் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கட்டம் புதிதாகக் கறுத்திருக்கிறது என்று தெரியும்.