பரிந்து பேசும் பணி

தன் குறையைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்த பெரும்பேறாகும். பசித்தவன் உணவு கேட்கிறான். வழக்குடையவன் மன்றமேறி முறையிடுகிறான். ஆயின், நோயாலோ முதுமையாலோ அறிவு தளர்ந்து, பிறர் பராமரிப்பில் வாழ்வோர் யாரிடம் முறையிடுவர்? முறையிட்டாலும், ‘இது நோயின் பேச்சு’ என்று பிறர் தள்ளிவிடின் அவர் என்செய்வர்? இவ்வினாவை இங்கிலாந்து நாட்டில் துணிந்து எழுப்பியவர்களுள் ஒருவர் ஜான் பெர்சிவல் என்பவர்.

பெர்சிவல் 1803-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஸ்பென்சர் பெர்சிவல், அந்நாட்டின் பிரதம மந்திரியாக இருந்தபோது 1812-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மைந்தர் சில காலம் படையில் அதிகாரியாக இருந்து, பின்னர் ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்றார். 1830-ஆம் ஆண்டின் இறுதியில் அவரைக் கொடிய மனநோய் பற்றியது. மறு ஆண்டில் குடும்பத்தார் அவரைப் பிரிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த மனநோய் விடுதி ஒன்றில் சேர்த்தனர். பின்னர் மற்றொரு விடுதிக்கு மாற்றினர். 1834 வரை அவருடைய வாழ்வு அவ்விடுதிகளிலேயே கழிந்தது.

அவை செல்வர் வீட்டு நோயாளிகள் தங்கிய இடங்களே. ஆயினும், முதல் விடுதியில் அவரைக் கட்டிலோடு வாரால் பிணித்தனர். குளிர்ந்த நீரில் அமிழ்த்தினர். அவர் எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படித்தனர். நலமுற்று வெளிவந்தபின், தம் அனுபவங்களை 1838-லும் 1840-லும் இரண்டு நூல்களாக அவர் வெளியிட்டார். தாம் நோயுற்றிருந்ததை அவர் மறைத்தாரல்லர். ‘நோயாளியாக இருந்தேன், ஆயினும் மனிதனாகவும் இருந்தேன். என்னை ஒரு சொல் கேட்டார் உண்டா?’ என்பதே அவர் முறையீட்டின் சாரம்.

தம் துன்பம் தீர்ந்ததென்று அவர் வாளா இருந்துவிடவில்லை. 1845-ஆம் ஆண்டில், முன்பு விடுதிகளில் அடைபட்டிருந்தோர் சிலருடன் சேர்ந்து, மனநோயாளர் எனப்பட்டோருக்கு நண்பராய் நிற்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். சங்கத்தார் விடுதிகளுக்குச் சென்று நோயாளிகளைக் கண்டனர். முறையின்றி அடைக்கப்பட்டோருக்குச் சட்ட உதவி தேடித் தந்தனர். 1859-இல் பாராளுமன்றக் குழுவின் முன் பெர்சிவல் சாட்சியம் அளித்தார். சங்கம் வேண்டிய சீர்திருத்தங்கள் பல அக்காலத்தில் நிறைவேறவில்லை. சங்கமும் நாளடைவில் மறைந்தது. ஆனால், அது விதைத்த எண்ணம் மறையவில்லை.

2005-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக இயற்றப்பெற்ற ஒரு சட்டம், தாமே முடிவு செய்யும் திறன் இழந்தோருக்கெனச் சார்பற்ற பரிந்துரைப்பாளரை ஏற்படுத்தியது. 2007 முதல் அப்பணி நடைபெற்று வருகிறது. இத்தகையோருள் கலந்து பேசத்தக்க உற்றார் எவரும் இல்லாத ஒருவருக்குக் கடுமையான சிகிச்சை அளிக்கவோ, அவரை மருத்துவ மனையில் 28 நாளுக்கு மேலோ, பராமரிப்பு இல்லத்தில் 8 வாரத்துக்கு மேலோ வைக்கவோ எண்ணினால், பரிந்துரைப்பாளரை அழைத்தல் வேண்டும். அவசர வேளை இதற்கு விலக்காகும். நோயாளியைத் தனியே கண்டு பேசவும், அவரைப் பற்றிய ஏடுகளைப் பார்வையிடவும் பரிந்துரைப்பாளருக்கு உரிமை உண்டு.

நினைவு குன்றிய மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுக்குச் சுற்றம் இல்லை. வீட்டிற்கு அனுப்பினால் தனியே இடர்ப்படுவாள் என்று மருத்துவர் அஞ்சுகிறார். இல்லத்தில் சேர்க்கக் கருதுகிறார். அவர் அஞ்சுவதும் முறையே. பரிந்துரைப்பாளர் அம்மூதாட்டியின் அருகே அமர்கிறார். அவள் பேச்சு தொடர்பற்றது. எனினும், ‘செடிக்குத் தண்ணீர்’ என்னும் சொல் மட்டும் அடிக்கடி வருகிறது. பல்லாண்டுகளாக அவள் தன் கையால் வளர்த்த தோட்டத்தைப் பற்றி அண்டை வீட்டார் கூறுகின்றனர். உடனே பரிந்துரைப்பாளர், ‘உதவியாள் ஒருவரை அமர்த்தி இவளை வீட்டிலேயே வைத்திருத்தல் இயலுமா? இல்லமே தக்கதாயின், தோட்டமுள்ள இல்லம் கிடைக்குமா?’ என்று கேட்டு அறிக்கை எழுதுகிறார். முடிவு செய்வது அவர் கடமையன்று; ஆனால், முடிவு செய்வோர் அவ்வறிக்கையைக் கருத்திற் கொண்டே தீரவேண்டும்.

மருத்துவரும் செவிலியரும் அன்பிலராதலின் இப்பணி தோன்றிற்று என்று கருதலாகாது. அவர்கட்கு இடவசதி, செலவு, பாதுகாப்பு முதலிய கவலைகள் பல உண்டு. பரிந்துரைப்பாளருக்கோ அம்மனிதரின் விருப்பமும் நலனும் உரிமையுமே கவலை. அவர் தம் கருத்தை அவர்மேல் ஏற்றாமல், அவர் உள்ளத்தைத் தேடி அறிந்து உரைக்கிறார். அதனாலேயே அவர் எவரையும் சாராதவராக இருத்தல் வேண்டும்.

எளியோருக்கு உணவும் உறையுளும் தருதல் நல்லறமே. ‘உமது விருப்பம் யாது?’ என்று கேட்டு, விடை வருமளவும் காத்திருத்தல் அதனினும் அரிய அறமாகும்.