சொல்லப்படாத பத்தியம்

கேள்வி: ஐயா, என் மகன் கல்லூரியில் படிக்கும்போது வலது முன்கையில் ஒரு பெயரைப் பச்சை குத்திக்கொண்டான். மத்திய காவல் படைத் தேர்வுக்கு அது தடையாகும் என்று சொன்னதால், தஞ்சாவூரில் ஓர் அழகு நிலையத்தில் லேசர் வைத்து எடுத்தோம். பணம் கட்டியதற்கு ரசீது இருக்கிறது. வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டதற்கு, "ஒன்றும் வேண்டாம், இரண்டு நாளில் ஆறிவிடும்" என்றார்கள். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்த சமயம். மறுநாளே நாற்றுப் பறிக்க வயலில் இறங்கினான். கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. இப்போது அந்த இடம் வெளுத்தும் தடித்தும் இருக்கிறது. போய்க் கேட்டால், ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் அவன் போட்ட கையெழுத்தைக் காட்டி, "வயலில் இறங்கியது உங்கள் தவறு" என்கிறார்கள். எங்களுக்கு வழக்கு உண்டா? அவனுக்கு வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், ஒரத்தநாடு வட்டம்

பதில்: வழக்கு உண்டு, அம்மா. ஆயினும் வழக்கைப் பற்றிக் கூறுமுன் தங்கள் குமாரனுடைய கையைப் பற்றிக் கூறவேண்டியிருக்கிறது. காயம் பட்டவர் உரிய சிகிச்சையைத் தேடிக்கொள்ளாதிருந்து, அதனால் பெருகிய நஷ்டத்தையும் பிறர் தலையில் சுமத்த முடியாது என்பது நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் நியாயமாதலால், முதற்காரியமாக அவனைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காட்டுங்கள். அங்கே தரும் புறநோயாளிச் சீட்டும் மருத்துவரின் குறிப்புமே தங்கள் வழக்கின் முதல் சாட்சியங்கள். தழும்பைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள்.

அந்த நிலையத்தார் சொல்லியிருக்கவேண்டியது என்ன என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இவ்வழக்கின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. லேசர் ஒளி பச்சையை அப்படியே துடைத்தெடுத்துவிடுவதில்லை. தோலுக்கு அடியில் தங்கியிருக்கும் மையைத் துகள் துகளாகச் சிதறடிக்கிறது. அத்துகள்களைத் தேகமே வாரக்கணக்கில் சிறிது சிறிதாக அகற்றுகிறது. அதனால்தான் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையே சாதாரணமாக 6 முதல் 8 வாரம் விடுகிறார்கள். அந்த ஒளி பட்ட தோல், இலேசாகத் தீப்பட்ட தோலுக்குச் சமானமாகையால், அதனை மெல்லக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டிக்கொள்ளாத துணியால் மூடிவைக்கவேண்டும். கொப்புளம் எழுந்தால் உடைக்கலாகாது, பொருக்கைச் சுரண்டலாகாது. மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் அதன்மேல் படலாகாது. புண் ஆறும்வரை சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் அமிழ்த்தலாகாது. ஆறிய பின்னும் பல வாரங்கள் வெயில் படாமல் முழுக்கைச் சட்டையாலும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத களிம்பாலும் காக்கவேண்டும். நம்மவர் மேனி நிறத்துக்கு இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்; ஏனெனில் நம் தோலில் இயற்கையாக உள்ள நிறமியும் அந்த ஒளியைக் கிரகித்துக்கொள்வதால், அந்த இடம் கறுத்துப்போவதும் வெளுத்துப்போவதும் எளிதில் நேர்கின்றன. கறுப்பு மைக்கு, அந்த நிறமி குறைவாகவே கிரகிக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தேர்ந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஜூன், ஜூலை மாதங்களில் காவிரிப் படுகையில் வாழும் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையின் முன்கையில் லேசர் வைப்பவர், அவன் நாளைக்கு எங்கே நிற்பான் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. அந்த ஒரு வார்த்தையைக் கேளாமற்போனதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இனி சட்டம். பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அழகு நிலையம் செய்வது சேவையா என்ற சந்தேகங்கூட எழ இடமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்கு நஷ்டம் விளைவிக்கும் அலட்சியத்தையும், அவர் அறியவேண்டிய விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. கேட்ட பிறகும் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லியனுப்பியது, என் அபிப்பிராயத்தில், இவ்வரையறைக்குள் ஐயமின்றி அடங்கும். கையெழுத்தைக் கண்டு கலங்கவேண்டாம்: சிகிச்சையின் தன்மையையும் அபாயங்களையும் போதிய அளவு அறிந்துகொண்டு தரும் சம்மதமே சம்மதம் என்பது 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய கொள்கை, படித்துக் காட்டாத ஆங்கிலத் தாள் அந்தச் சோதனையில் நிற்பது கடினம்.

"உங்கள் தவறு" என்னும் எதிர்வாதத்தையும் அலட்சியப்படுத்தலாகாது. சொன்ன பத்தியத்தை மீறியவருக்கு நஷ்டஈடு குறையும், சில சமயம் கிடைக்காமலே போகும். சொல்லாத பத்தியத்தை மீறியதாக ஒருவர்மீது குற்றம் சாட்ட முடியாது. ஆகையால் அன்று அச்சடித்த குறிப்புச் சீட்டு ஏதேனும் தந்தார்களா, வாட்ஸ்அப்பில் ஏதேனும் அனுப்பினார்களா என்பதை மகனிடம் நன்றாக விசாரித்து, தங்களுக்குப் பாதகமானதாயினும் ஒளிக்காமல் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

லேசர்க் கருவியைப் பிடித்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. மருத்துவராயின் அவர் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இருக்கவேண்டும். அவரிடம் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டியது அவருடைய தொழில் ஒழுக்க விதி. தகுதியில்லாதவர் செய்திருந்தால் வழக்கு இன்னும் வலுப்பெறும். தாம் பயிலாத வைத்திய முறையில் மருந்து கொடுப்பதே அலட்சியம் என்று பூனம் வர்மா வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2024 டிசம்பரில், பக்கத்துத் திருச்சியில், பச்சை குத்தும் கடையிலேயே நாக்கைப் பிளக்கும் காரியம் நடந்து, போலீசார் கைது செய்து கடைக்கு முத்திரை வைத்ததைத் தாங்களும் கேள்விப்பட்டிருக்கலாம்.

முதலில் நிலையத்துக்கு விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லையெனில், நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மகன் பெயரில் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாவிடில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வேலையைப் பற்றி: மத்திய ஆயுதக் காவல் படை விதிகளின்படி சல்யூட் வைக்கும் வலது முன்கையில் பச்சை இருத்தலாகாது. வலது கையில் பச்சை இருந்ததால் நிராகரிக்கப்பட்ட ஓர் இளைஞர், லேசரால் அதனை நீக்கிக்கொள்வதாகக் கூறியதை ஏற்று, புதிய மருத்துவக் குழுவின் முன் ஆஜராக டெல்லி உயர்நீதிமன்றம் 2022-இல் அவருக்கு வாய்ப்பளித்திருக்கிறது. மை ஏதேனும் எஞ்சியிருந்தால் அதனை அவசரப்பட்டு இப்போதே எடுக்கவேண்டாம். தோல் மருத்துவர் சம்மதிக்குமுன் மறுபடி லேசர் வைத்தால் தழும்பு பெருகக்கூடும், அத்தழும்பே பரிசோதனையில் புதிய கேள்வியாகும். இது பச்சையை நீக்கியதால் உண்டான தழும்பு என்றும், கையின் இயக்கத்துக்குக் குறையில்லை என்றும் மருத்துவர் கண்டால், அதனை எழுத்தில் வாங்கிப் பரிசோதனையன்று மகன் கையோடு கொண்டுபோகட்டும். அங்கே தகுதியில்லை என்று சொன்னாலும், மறு மருத்துவப் பரிசோதனைக்குக் குறித்த கெடுவுக்குள் விண்ணப்பிக்க அவனுக்கு உரிமை உண்டு.