பெங்களூருக்காரரின் கடலோர ஃபிளாட்: முழுமையான வழிகாட்டி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஜன்னலைத் திறந்தாலே போதும் என்று பழகிய பெங்களூருக்காரர்கள் ஈசிஆரிலோ புதுச்சேரியிலோ ஃபிளாட் பார்க்கப் போனால் முதலில் கேட்பது ‘ஸீ வியூ’. நம் கரையில் அலையும் காற்றும் காலை வெயிலும் ஐப்பசிச் சாரலும் உப்பும் ஒரே கிழக்கிலிருந்துதான் வருகின்றன. ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது.

முதல் படி: அட்வான்ஸுக்கு முன்

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) விதிகள் உண்டு. அதற்கான அனுமதியையும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) பதிவையும் பாருங்கள். பிறகு பிளான். நடுவே காரிடார், இருபுறமும் வீடுகள் என்றால் காற்று வெளியேற வழியில்லை. வெளியேறாத காற்று உள்ளேயும் வராது. கடல் பாதிதான் தெரிந்தாலும் இருபக்கம் திறப்புள்ள மூலை வீடே மேல்.

இரண்டாம் படி: கிழக்குச் சுவர்

கூரை வரை கண்ணாடி, விளம்பரப் படத்தில் அழகு. சித்திரையில் விடிந்த கையோடு வெயில் உள்ளே வந்துவிடும். கடற்காற்றோ பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். தாழ்ந்த வெயிலைப் பால்கனிக் கூரை தடுக்காது. லூவரோ மூங்கில் தட்டியோ வேண்டும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பாருங்கள். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் இறுதியில் எழத் தொடங்கிய கட்டடம். நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும்; ஜன்னலுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய லூவர்கள். கடல் நடை தூரம்தான், ஆனாலும் அதை நோக்கி மார்பைத் திறந்து காட்டவில்லை.

மூன்றாம் படி: உப்பு

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையானதாக வகைப்படுத்தி, குறைந்தது எம்30 கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. கட்டிய பின் மாற்ற முடியாத விஷயம் இது. எஞ்சினியரிடம் டிராயிங் கேட்டு வாங்குங்கள்.

நம் கையில் இருப்பவை சின்னச் சாமான்கள். பால்கனிக் கைப்பிடிக்கு 304 ஸ்டீல் போட்டால் டீக்கறை போலப் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கள். ஜன்னலுக்கு யுபிவிசி. நல்ல ஃபிரேமைக் கொடுத்துவிட்டு சாதா திருகைப் போடுபவர்கள் உண்டு, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஏசி அவுட்டோர் யூனிட் கடல் பக்கம் வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: உள்ளே

தரைக்கு ரெட் ஆக்சைடு அல்லது ஆத்தங்குடி கல். பெங்களூரில் தாக்குப்பிடிக்கும் எம்டிஎஃப் கிச்சன் இங்கே ஊதிவிடும், ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் போடுங்கள். ஊஞ்சல் மாட்டினால் சங்கிலி பித்தளையில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: மழையும் பூட்டும்

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரி, கடலூர் கரையைத் தானே புயல் தாக்கியது. ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தக் கரைக்கு அந்தக் கவலை உண்டு. பால்கனித் தரை ஹாலைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் நீர் வடியும் துளைகளை மணல் அடைக்காமல் பாருங்கள்.

வருடம் முழுக்க அங்கேயே இருக்க முடியாதவர்கள் அலமாரிக் கதவுகளையும் லூவராகவே செய்யுங்கள்; இல்லையேல் துணியெல்லாம் பூஞ்சை. வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்து, கைப்பிடிகளையும் கீல்களையும் நல்ல தண்ணீரில் துடைக்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். அவருடைய சம்பளத்தையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.