நகையும் அலரும் துப்பறிதலும்: அகதா கிறிஸ்டியின் சிற்றூர்க் கொலைப் புதினம் ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அகதா கிறிஸ்டி 1930-இல் வெளியிட்ட ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’ என்னும் புதினம் கொலை, நகைச்சுவை, காதல் ஆகிய மூன்றையும் ஒரு சிற்றூரில் ஒருங்கே அமைக்கிறது. இதிலுள்ள நகைச்சுவை கொலையின் கடுமையைத் தணிக்கும் துணைச்சுவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையை மறைக்கும் பணியையும் அந்நகையே செய்கிறது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகைக் கோட்பாட்டையும் அகமரபின் அலர்க் கோட்பாட்டையும் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நகை, மடன், அம்பல், அலர், துப்பறியும் புதினம், மிஸ் மார்பிள்

முன்னுரை

துப்பறியும் புதினம் தமிழுக்கு ஆங்கிலத்தின் வழியே வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிப் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கினர். துப்பறிதலை நகையோடு இணைத்த தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ தமிழ் வாசகர் நன்கறிந்த படைப்பு. எனினும் இவ்வகைமையின் ஆங்கில மூலமரபைத் தமிழ் இலக்கணச் சிந்தனையின் துணையுடன் நுணுகி நோக்கும் முயற்சிக்கு இன்னும் இடமுண்டு. தமிழ்க் கோட்பாடு ஆங்கிலப் புதினத்தின்மேல் தாக்கம் செலுத்தியது என்பது இங்குக் கருத்தன்று. ஒரு மரபு வகுத்த கருவி பிறிதொரு மரபின் படைப்பில் எதைக் காணச் செய்கிறது என்பதே வினா.

புதினத்தின் அமைப்பு

மிஸ் மார்பிள் என்னும் மூதாட்டி 1927-இல் சிறுகதை ஒன்றில் அறிமுகமானவர். அவர் தோன்றும் முதல் புதினம் இதுவே. களம் செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூர். கதையைச் சொல்பவர் அவ்வூர் ஆலயத்தின் குருவானவர் லெனார்ட் கிளெமென்ட். அவருடைய இளம் மனைவி கிரிசெல்டா. ஊரார் பலரும் வெறுக்கும் கர்னல் புரோதெரோ, குருமனையின் படிப்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அவருடைய மனைவி ஆன், ஓவியர் லாரன்ஸ் ரெடிங்கைக் காதலிக்கிறார். இறுதியில் இவ்விருவருமே கூடித் திட்டமிட்டுக் கொன்றவர்கள் என்பது வெளிப்படுகிறது.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன் என்கிறார். இந்நான்கும் புதினத்தில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் உண்மையை மறைக்கவும் பயன்படுகிறது.

முதலாவது எள்ளல். கதையின் தொடக்கத்தில் உணவு மேசையில் இறைச்சியை அறுத்துக்கொண்டே, புரோதெரோவைக் கொல்பவர் உலகிற்கு நன்மை செய்தவராவார் என்ற பொருள்படக் குருவானவர் பேசிவிடுகிறார். சமயப் பணியாளர் வாயிலிருந்து அச்சொல் வருவதே நகைக்குக் காரணம். பிறரை எள்ளி நகுதலும் பிறர் எள்ளத் தான் நகுதலும் என உரைமரபு எள்ளலை இருவகைப்படுத்தும். கிளெமென்ட் இரண்டுக்கும் உரியவர். ஆயினும் இவ்வெள்ளலால் ஒரு விளைவு நேர்கிறது. கொல்லப்பட்டவர்மீது வாசகருக்கு இரக்கம் எழுவதில்லை. ஊரார் அனைவரும் ஐயத்திற்குரியோர் ஆகின்றனர். பலர்மீது ஐயம் பரவுவதால் உரியவர்மீது அது நிலைகொள்ளவில்லை.

இரண்டாவது இளமை. வீட்டு வேலை அறியாத கிரிசெல்டாவின் விளையாட்டுத்தனம் குருமனையைச் சிரிப்புக்குரிய இடமாக்குகிறது. பணிப்பெண் மேரி சமைக்கக் கற்றுக்கொண்டால் வேறு வீட்டார் அழைத்துக்கொள்வர். ஆகவே கற்காதிருப்பதே நலம் என்பது அவருடைய வாதம். இத்தகைய இல்லத்தில் நுணுகித் திட்டமிட்ட கொலை நிகழக்கூடும் என்று வாசகர் எதிர்பார்ப்பதில்லை.

மூன்றாவது பேதைமை. கொலை நடந்தபின் ரெடிங் தானே சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். பின்னர் ஆனும் ஒப்புக்கொள்கிறார். இருவர் கூற்றும் சான்றுகளோடு பொருந்தவில்லை. ஒருவரையொருவர் காக்க முனைந்த காதலரின் அறியாமை என்று கருதி, காவலர் இருவரையும் ஐயத்தினின்று நீக்குகின்றனர். வாசகரும் புன்முறுவலோடு அதை ஏற்கிறார். உண்மையில் அது நடிக்கப்பட்ட பேதைமை. குற்றத்தை மறுப்பதினும் தவறாக ஒப்புக்கொள்வது பாதுகாப்பானது என்பதைக் கொலையாளிகள் அறிந்திருந்தனர்.

நான்காவது மடன். பிறர் உணர்த்தியதைப் பற்றிக்கொண்டு பின் அதனை விடாமை என்பது உரைமரபு தரும் விளக்கம். இன்ஸ்பெக்டர் ஸ்லாக் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. படிப்பறைக் கடிகாரம் கவிழ்ந்து 6.22-இல் நின்றுள்ளது, கடிதத்தின் தலைப்பில் 6.20 என்ற நேரக் குறிப்பும் உள்ளது. அவர் இவற்றைப் பற்றிக்கொள்கிறார். அக்கடிகாரம் எப்போதும் கால்மணி நேரம் முன்னதாக வைக்கப்படுவது என்று சொல்லக் குருவானவர் முயலும்போதெல்லாம் ஸ்லாக் இடைமறித்துவிடுகிறார். வாசகர் அவருடைய செருக்கைக் கண்டு சிரிக்கிறார். ஆனால் ஸ்லாக்கைப் போலவே வாசகரும், அந்நேரத்தைத் திட்டமிட்டு அமைத்தவர் யார் என்ற வினாவிலிருந்து விலகிவிடுகிறார்.

அம்பலும் அலரும்

களவொழுக்கத்தைப் பற்றிய பேச்சை அம்பல், அலர் என அகமரபு பகுக்கும். வெளிப்படாத முணுமுணுப்பு அம்பல். ஊரறிந்த பேச்சு அலர். முகைக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடாக இதனை உரை விளக்கும். கிரிசெல்டாவின் தேநீர் விருந்தில் கூடும் முதிய பெண்டிர் அலர் தூற்றும் பெண்டிரை நினைவூட்டுகின்றனர். ரெடிங்கை புரோதெரோவின் மகள் லெட்டிஸுடன் இணைத்துப் பேசுகிறது அவ்வலர். வேறொருத்தி இருக்கலாம் என்ற மிஸ் மார்பிளின் குறிப்பு மட்டுமே அம்பல் நிலையில் நிற்கிறது. ஊர் உரக்கச் சொன்னது பிழை. தாழ்ந்த குரலில் எழுந்ததே உண்மை.

அகப்பாடல்களில் அலரைச் சுட்டி வரைவை விரைவுபடுத்துவாள் தோழி. திருக்குறளின் ‘அலரறிவுறுத்தல்’ அதிகாரத்திலும் காதலர் அலரைத் தமக்குத் துணையாகவே கொள்கின்றனர். இப்புதினத்தின் காதலரும் ஊரின் கண்ணையும் வாயையும் துணையாகக் கொள்கின்றனர். நோக்கம் மட்டுமே வேறு. கொலை நடந்த மாலை ஆன், மிஸ் மார்பிள் தம் தோட்டத்தில் இருப்பதறிந்து அவ்வழியே நடக்கிறார். கையில் பை இல்லை. உடையில் துப்பாக்கியை மறைக்க இடமில்லை. அனைத்தையும் கவனிக்கும் முதியவள் ஒருத்தி தன் சார்பில் சான்று சொல்வாள் என்பதே அவருடைய கணக்கு. துப்பாக்கி முன்னரே படிப்பறைப் பக்கம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கைப்பையின்றி ஒரு பெண் வெளியே வருவது இயல்பன்று என்பதை மிஸ் மார்பிள் பின்னர் எண்ணிப் பார்க்கிறார். தம்மைப் பார்க்கவைப்பதற்காகவே காட்சி அமைக்கப்பட்டது என்பதை அதிலிருந்து உணர்கிறார். பிறர் பேச்சாகப் பரப்புவதை அவர் ஆராய்கிறார். இவ்வேறுபாடே அவரைப் பிற மூதாட்டியரிடமிருந்து பிரிக்கிறது.

பெயர் சுட்டலும் பழியும்

அகத்திணையில் மாந்தரின் பெயரைச் சுட்டுதல் ஆகாது. துப்பறியும் புதினமோ ஒருவர் பெயரைச் சுட்டியே முடிய வேண்டும். இவ்வகைமையின் அறச்சிக்கல் இங்கேதான் உள்ளது: தவறான பெயர் சுட்டப்பட்டால் என்னாகும்?

உதவிக் குருவானவர் ஹாவ்ஸ் இதற்கு விடையாகிறார். பதற்றமும் நோயும் உடைய அவர் கதை நெடுகிலும் மெல்லிய கேலிக்கு ஆளாகிறார். ஆலயக் காணிக்கையைத் திருடிய குற்றமும் அவருக்குண்டு. அவருடைய மருந்தை மாற்றி வைத்து, புரோதெரோ உண்மையில் எழுதிய கடிதத்தை அருகில் இட்டு, கொலைப்பழியோடு அவரை இறக்கச் செய்ய முயல்கிறார் ரெடிங். அழகும் காதலும் உடையவர்மீது இரக்கம் காட்டிய வாசகர், நகைப்புக்குரியவரை எளிதில் கைவிட்டிருப்பார் என்பதை இவ்விடத்தில் உணர்கிறார். குருவானவர் உரிய நேரத்தில் சென்றதால் ஹாவ்ஸ் பிழைக்கிறார்.

முடிவுரை

இப்புதினத்தில் கொலையாளிகள் ஊராரின் நகையையும் அலரையும் முன்கூட்டியே கணக்கிட்டுத் திட்டமிடுகின்றனர். பேதைமையை நடிக்கின்றனர், மடமையை நம்பியிருக்கின்றனர், அலரைச் சான்றாக்குகின்றனர். இவற்றுக்கு மாறாக, கிளெமென்ட்–கிரிசெல்டா இணையரின் இல்லறக் காதல் கேலிக்கு நடுவே வளர்ந்து, கிரிசெல்டா தாய்மையடைந்த செய்தியோடு நிறைவுறுகிறது. அதனையும் முதலில் உய்த்துணர்பவர் மிஸ் மார்பிளே.

மெய்ப்பாட்டியல் நகையை வகைப்படுத்துவதோடு நில்லாமல், எவர் எவரைக் கண்டு ஏன் நகுகின்றனர் என்று வினவவும் இடம் தருகிறது. வெகுமக்கள் புதினங்களை மதிப்பிடுவதற்கு இவ்வினா பயன்படும். தமிழின் தழுவல் துப்பறியும் புதினங்களில் சிரிப்புக்கு ஆளாக்கப்படுவோர் எவர், அச்சிரிப்பின் மறைவில் பழி எவர்மேல் விழுகிறது என்பவை இதன் தொடர்ச்சியாக ஆராயத்தக்கவை.