"சும்மா இரு" என்று நான் சொன்ன பதில்

என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து இன்றைய பயானைத் தொடங்குகிறேன்.

போன வாரம் அஸருக்குப் பிறகு பால் வாங்கப் போன என் ஏழு வயது மகன் முகம் வாடித் திரும்பி வந்தான். கடையில் நம் திருப்புட்குழிப் பெரியவர் ஒருவர், நெடுஞ்சாலைக் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் தொழிலாளியைப் பார்த்து, "ஏய் வடக்கா, தள்ளி நில்லு, நாறுது" என்றாராம். நின்றவர்கள் சிரித்தார்களாம். "அத்தா, அந்த அண்ணன் நம்ம பள்ளிவாசலுக்குத்தானே வர்றாரு? ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"சும்மா இரு. பெரியவங்க பேச்செல்லாம் உனக்கெதுக்கு?" என்றேன்.

ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதியவனின் பதில் இது! அன்று இஷாவில் அந்தத் தொழிலாளி எனக்கு நேர் பின்னால், முதல் ஸஃப்பில் நின்றார். திரும்பி "ஸஃப்பை நேராக்குங்கள்" என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை, அரபியல்லாத அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அவர் பிலால் (ரலி) என்று மேடைகளில் சொல்கிறோம். புகாரி, முஸ்லிம் அறிவிப்புகளில் பெயர் இல்லை. அந்த மனிதர் நபியவர்களிடம் முறையிட்டார். இங்கே கவனியுங்கள். அபூதர் ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்றவர்கள், நபியவர்களின் நேசத்துக்குரியவர்கள். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லையே' என்று முறையிட்டவரை நபியவர்கள் அனுப்பிவிடவில்லை. அபூதரிடமே விசாரித்தார்கள். உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்ற கருத்தில் நேராகக் கண்டித்தார்கள். பின்னாளில் ரபதாவில், அபூதரும் அவர்களுடைய பணியாளரும் ஒரே மாதிரி ஆடை உடுத்தியிருப்பதைப் பார்த்து ஒருவர் காரணம் கேட்டார். அப்போது தம் தவறைத் தாமே சொன்னார்கள். அந்தக் கண்டிப்பு அவர்களை எவ்வளவு மாற்றியிருக்கிறது பாருங்கள்.

முறையீட்டைக் கேட்டால் மட்டும் போதாது, கூடவே நிற்கவும் வேண்டும். நாங்குநேரி நினைவிருக்கிறதா? சக மாணவர்களின் சாதித் தொல்லையால் பிளஸ் 2 மாணவர் ஒருவர் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தியிருந்தார். விசாரித்த பிறகுதான் வாய் திறந்தார். 2023 ஆகஸ்ட் 9 இரவு, வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். அரசு, நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைத் திருத்த எந்தக் குழு வரும்? ஹுஜுராத் அத்தியாயத்தில் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். 'வடக்கன்' அதில் சேராதா?

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு மகனை உட்காரவைத்து முழுவதும் கேட்டேன். "அந்த அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, பால் வாங்காமலே போயிட்டாரு" என்றான். முதல் நாளே சொல்ல வந்தது அதுதான், நான் விடவில்லை. "அவங்க சொன்னது தப்பு. உன்னை அத்தா அதட்டினதும் தப்பு" என்றேன்.

பெரியவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "தமாஷுக்குச் சொன்னது ஹஜ்ரத்" என்றார். பால் வாங்காமல் போனவருக்கு அது தமாஷாக இல்லையே என்றேன். பேசாமல் இருந்துவிட்டார். அவர் யாரென்று தேடாதீர்கள், அதுவும் புறம் பேசுவதில்தான் போய் முடியும். சிரித்தவர்களுக்கு, தாங்கள் சிரித்தது தெரியும்.

மகன் தினமும் கேட்கிறான்: "அத்தா, அவரு மன்னிப்புக் கேட்டாரா?" இன்னும் இல்லை. இன்று மஃரிபுக்குப் பிறகு மறுபடியும் போகிறேன். துஆச் செய்யுங்கள்.