ஓரிடத்தில் உட்காராத பிள்ளை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இங்கே கெடாரில் எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கதவைத் திறந்தால் வாசலெல்லாம் தண்ணீர். உள்ளே ஒன்றே முக்கால் வயதுப் பேரன்.

அதுவரை அவனுக்குச் சோறு ஊட்டுவதும் போன்தான், அழுகையை அடக்குவதும் போன்தான். முதல் நாள் மத்தியானத்தோடு எல்லார் போனும் அணைந்துபோயிற்று. சாயங்காலம் வரைக்கும் கத்தித் தீர்த்தான். மறுநாள் காலை அவன் ஆயா முறத்தைப் போட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். இவன் போய் மடியில் இடித்துக்கொண்டு நின்றான். ஒரு கொத்தை அவன் கையில் கொடுத்தாள். இலையை ஒவ்வொன்றாகப் பிய்த்தான். பாதி முறத்தில் விழுந்தது, பாதி தரையில். கீரை முடிந்ததும் ஒரு சொம்பு, ஒரு லோட்டா, அடியில் கொஞ்சம் தண்ணீர். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு. சிந்தியதைத் துடைக்க ஒரு பழந்துணி கொடுத்தாள்; அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டான். அரை மணி நேரத்துக்கு மேல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்த அதே பிள்ளை!

நாங்கள் அவனுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். அவன் கேட்டதோ வேலை. அந்த மூன்று நாளுக்குப் பிறகு, சின்னப் பிள்ளைகளைப் பற்றி நாங்களும் எங்கள் தெருவும் நம்பிக்கொண்டிருந்த பலவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

நம்பிக்கை: “போனைக் குடுத்தாத்தான் ஒரு வாய் எறங்குது. அதுல பாத்துத்தான் ஏபிசிடி எல்லாம் கத்துக்கிறான்.”

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம். அதன் பிறகு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் கழகமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் அப்பாவின் முகத்தைப் பிள்ளை போனில் பார்ப்பதில் தப்பில்லை. அங்கே இருப்பவர் பதில் சொல்கிறார்.

இங்கே பதில்தான் முக்கியம். ஒன்றரை வயதில் பேச்சு வருவது கொடுத்து வாங்கித்தான். பிள்ளை சொம்பைக் காட்டி “த்தா” என்கிறது. “தண்ணியா வேணும்? இந்தா தண்ணி” என்று நாம் அதன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். இப்படி நூறு தடவை நடந்தபின் ஒருநாள் “தண்ணி” வருகிறது. திரை பேசிக்கொண்டே இருக்கும். பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாது. ஆங்கில எழுத்தெல்லாம் ராகமாகச் சொல்லும் பிள்ளை, தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாமல் அழுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேடு இன்னும் அதிகம். கண் திரையில் இருந்தால் வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரியாது. என்ன தின்றோம், அதன் ருசி என்ன என்பதும் மனதில் பதியாது. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. நிலாவை விளையாட வரச்சொல்லிக் கூப்பிடும் பருவம். பதினெட்டாம் மாதத்தை ஒட்டியது என்று வகுத்திருக்கிறார்கள். நாம் பிள்ளையின் கையில் போனைத் திணிப்பதும் சரியாக அந்த வயதில்தான். நிலாவைக் காட்டி ஊட்டியபோது ஒருத்தி பேசிக்கொண்டே ஊட்டினாள். நிலா அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நிறுத்தினால் அழாதா என்றால், அழும். எங்கள் வீட்டில் அரை நாள் அழுதான்.

நம்பிக்கை: “காலு தரையில நிக்க மாட்டேங்குது. கண்ணு பட்டிருக்கு, இல்லன்னா ஏதோ கோளாறு.”

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதே 2019 வழிகாட்டுதல். மூன்று மணி நேரம்! தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிலும் கட்டி உட்காரவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஏறுவது, இறங்குவது, இழுப்பது, கவிழ்ப்பது எல்லாம் அந்த மூன்று மணி நேரக் கணக்கில் சேர்ந்தவை. அக்கினி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு மேல் வெளியே விட முடியாது என்பதால் அந்தத் தேவை குறைந்துவிடாது. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரமும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் வெளியே. நடுவில் நடுவீட்டில் தலையணைகளை அடுக்கி ஏறி இறங்கவிடலாம்; மடித்த துணிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அறையில் வைக்கச் சொல்லலாம். சுற்றிப்போடுவது உங்கள் மன ஆறுதலுக்கு. ஓட இடம் விடுவதுதான் பிள்ளைக்கு.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள நிலையைக் கண்டறிய அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் வழிகாட்டுதல் நான்கு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு வயதில் ஒரு விளையாட்டை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது வயதின் இயல்பு.

ஆனால் சில விஷயங்களைத் தள்ளிப்போடக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, விரல் நீட்டி எதையும் காட்டாமல் இருப்பது, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த சொல் நின்றுபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலும், “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருக்காதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

நம்பிக்கை: “இனிப்பு தின்னா ஆட்டம் அதிகமாவும்.”

1994இல் ஒரு சோதனை நடந்தது. ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள சிறுவர்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானம் கொடுத்தார்கள். பாதித் தாய்மார்களிடம் மட்டும் அதில் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். அவர்கள்தான் தங்கள் பிள்ளை அதிகமாக ஆடியதாகச் சொன்னார்கள். பல்லுக்காகவும் பசிக்காகவும் இனிப்பைக் குறையுங்கள். சேட்டைக்கு அது காரணமில்லை.

நம்பிக்கை: “நெறைய பொம்ம வாங்கிக் குடுத்தா ஒரு எடத்துல இருப்பான்.”

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 பிள்ளைகளை ஒரு தடவை நான்கு பொம்மைகளோடும் இன்னொரு தடவை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் நெடுநேரம், பல விதமாக வைத்து விளையாடின. இருக்கிற பொம்மைகளில் முக்கால்வாசியைப் பரணில் போட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்கினால் போதும். கொட்டாங்கச்சி, மரக்கரண்டி, மூடியோடு கூடிய டப்பா, அன்னக்கூடை இவற்றுக்கு ஈடான கடைப் பொம்மையை நான் இன்னும் பார்க்கவில்லை. பொத்தான் மாதிரி வட்ட பேட்டரி போட்ட பொம்மை இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். அந்த பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் மர நடைவண்டி வாங்குங்கள். பட்டினப்பாலையிலேயே பிள்ளைகள் குதிரையில்லாமல் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. அத்தனை பழைய விளையாட்டு. நடைவண்டியைப் பிள்ளை தானே எழுந்து நின்று, தன் பலத்தில் தள்ளுகிறது. பிளாஸ்டிக் வாக்கர் வேறு. அதில் பிள்ளையை உட்காரவைத்து, நடக்கக் கற்றுத்தருகிறது என்று நினைக்கிறோம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. படியிலும் அடுப்பங்கரையிலும் கொண்டுபோய் விடுகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

நம்பிக்கை: “வீட்டுக்குள்ளதானே ஆடறான், பத்திரமாத்தான் இருப்பான்.”

எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். எங்கள் பக்கத்துச் சாலையில் கரும்பு லாரி போகும். அதனால் வாசல் கதவைச் சாத்திவிட்டால் நிம்மதி வந்துவிடுகிறது. குளியலறையில் கால்வாசி தண்ணீரோடு ஒரு பக்கெட் நிற்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புறப் போகும், திரும்பி எழத் தெரியாது, சத்தமும் வராது. அரை சாண் தண்ணீர் போதும். பிள்ளையைத் தண்ணீரில் விளையாட விடுங்கள், அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. ஆனால் கையெட்டும் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் காயவைக்காத வாசல் கிடையாது. “கொறிச்சிக்கினு கெடக்கட்டும்” என்று நாலு கொட்டையைப் பிள்ளை கையில் கொடுப்பது சகஜம். அது மூச்சுக்குழாயில் போனால் ஊறிப் பருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. நாள்கணக்கில் இருமலும் இரைப்புமாக இழுக்கும். நாலைந்து வயது வரை முழுக்கொட்டை வேண்டாம். பொரித்த கடலையும் அப்படித்தான், புளியங்கொட்டையும் அப்படித்தான். மல்லாட்டையைச் சட்னியாக அரைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நம்பிக்கை: “அரை மூடி சளி மருந்து குடுத்தா மத்தியானம் நிம்மதியா தூங்கும்.”

கூடாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. சளி இருக்கும் பிள்ளைக்கே அப்படி. தூங்கவைப்பதற்காகக் கொடுப்பது விஷப்பரீட்சை. ஒன்று, இரண்டு வயதில் இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலையில் ஓடவிட்ட பிள்ளைக்கு மத்தியானம் அது தானே வரும்.

நம்பிக்கை: “அங்கன்வாடியா? அங்க சோறுதானே போடுறாங்க.”

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. சத்துணவோடு முன்பருவக் கல்வியும் முதலிலிருந்தே அதன் வேலை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கதை, பாட்டு, மணல், நிறம் பிரிப்பது, வட்டத்தில் கைகோத்து ஆடுவது என்று ஓடியாடும் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அங்கே பாடமாகவே இருக்கிறது. கூட ஆட நாலு பிள்ளைகளும் இருப்பார்கள். என் பேரன் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அழுதான். இப்போது பத்து மணிக்கு முன்பே செருப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தால் தெருவிலுள்ள அங்கன்வாடிக்கு நாளைக் காலையே ஒரு நடை போய்ப் பாருங்கள். கட்டணம் கிடையாது.