மின்வண்டிக்குச் சங்கிலி தெரியுமாறு

பழைய மோட்டார் சைக்கிளினின்று பெட்ரோல் எஞ்சினை நீக்கி, அவ்விடத்தில் மின்மோட்டாரை அமைத்து, வீட்டிலேயே மின்வண்டி ஆக்க முயல்வோர் இக்காலத்திற் சிலர் உளர். என் தமையனாரும் அவருள் ஒருவர். மோட்டாரையும் பாட்டரியையும் ஆராய்வதில் அவர் மாதக்கணக்காகச் செலவிட்டார். சங்கிலிக்கோ அரைமணி நேரமும் அளித்தாரல்லர். அதன் பயனை யானும் உடனிருந்து கண்டமையின் இதனை எழுதலானேன். தமிழ் பயில்வானுக்கு இரும்புச் சங்கிலியில் என்ன வேலை என்பார்க்கு, விடுமுறை முழுதும் ஸ்பானர் ஏந்தி நின்றவன் யானே என்பதே விடை.

பெட்ரோல் வண்டியில் எஞ்சினின் வேகம் பெரும்பாலும் கியர்ப்பெட்டியுள்ளேயே தணிக்கப்படுகின்றது. எஞ்சியதைத் தணித்தலே சங்கிலியின் தொழில். ஆதலின் முன்சக்கரத்தில் 14 பல்லும், பின்சக்கரத்தில் 42 பல்லும், அஃதாவது மூன்றுக்கு ஒன்றென்னும் விகிதம், அதற்குப் போதியதாகின்றது. (சக்கரமென யான் ஈண்டுக் கூறுவது பட்டறைகளில் ஸ்பிராக்கெட் என வழங்கும் பற்சக்கரத்தையே.) எஞ்சினோடு கியர்ப்பெட்டியும் நீங்கியவிடத்து அப்பொறுப்பு முழுதும் சங்கிலியின்மேல் விழுகின்றது. நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் மோட்டாரையும், ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் செல்லும் 18 அங்குலச் சக்கரத்தையும் கொள்வோம். மூன்றுக்கு ஒன்றாயின் கணக்கின்படி மணிக்கு 114 கிலோமீட்டர் வரும். சிறு மோட்டார் அத்துணை வேகத்தை எட்டாது. புறப்படும்போதே திணறிச் சூடேறும். ஐந்துக்கு ஒன்றாயின் 68 கிலோமீட்டர், அது தகும்.

ஐந்துக்கு ஒன்றை அடையும் வழி இரண்டு. பின்னே 45 பல்லுடைய சக்கரம் எளிதிற் கிடைப்பதால், முன்னே 9 பல் வைத்தல் ஒன்று. முன்னே 13 பல் வைத்துப் பின்னே 65 பல்லுடைய சக்கரத்தைப் புதிதாக வெட்டுவித்தல் மற்றொன்று. முன்னது மலிவு; தமையனார் அதனையே தெரிந்தார்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. பற்சக்கரம் உண்மையில் வட்டமன்று, பல கோணமுடைய உருவமே. சங்கிலி அதன் மூலைகளில் மடிந்து மடிந்து செல்லுதலின், மோட்டார் சீராகச் சுழலினும் சங்கிலியின் வேகம் ஏறியும் இறங்கியும் வரும். 9 பல்லாயின் அவ்வேறுபாடு நூற்றுக்கு 6. 13 பல்லாயின் 3க்கும் சற்றுக் குறைவு. இழுப்பும் அவ்வாறே. 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு 9 பற்சக்கரத்தில் சங்கிலி ஏறக்குறைய 165 கிலோ பாரம் தொங்கவிட்டாற்போல இழுபடும். 13 பற்சக்கரத்தில் 115 கிலோ அளவே. மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு விசையையும் தருவது. சில வாரங்களிற் பற்கள் கொக்கிபோல் தேய்ந்தன. ஒருநாள் மாலை சங்கிலி பல் தாண்டிக் கழன்று பின்சக்கரத்தைப் பிணித்தது. தோட்டத்து மணலாதலின் தமையனார் முழங்கை உராய்ந்ததோடு தப்பினார். அன்றிரவே என் தாயார் வண்டியின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை 65 பற்சக்கரத்தை வெட்டுவித்தோம். அதன் குறுக்களவு 26 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. 18 அங்குலச் சக்கரத்துள் தடையின்றி அடங்கிற்று.

சங்கிலியின் அளவைப் பற்றி நெடிது கூறவேண்டுவதில்லை. 428 என்பதில் முதல் இலக்கம் ஊசிக்கும் ஊசிக்கும் இடையேயுள்ள தூரத்தை அங்குலத்தின் எட்டிலொரு கூறுகளாகக் குறிக்கும். ஆகவே அரை அங்குலம். 520, 530 என்பன ஐந்தெட்டு அங்குலத்தன; பெருவண்டிகட்கு உரியன. நம் நாட்டுச் சிறுவண்டிகளிற் பெரும்பாலும் பயில்வது 428 ஆதலின், அதனை மாற்றாதிருத்தலே நலம். செய்யுளிற் கண்ணி இரண்டிரண்டடியாய் வருமாறுபோலச் சங்கிலியின் கண்ணிகளும் உள்ளும் புறமுமாய் இரட்டைப்பட வருதல் வேண்டும். ஒற்றைக்கு இடும் அரைக்கண்ணி வலி குன்றியது. முன்சக்கரப் பற்கள் ஒற்றைப்பட இருப்பின், ஒரே பல் ஒரே கண்ணியை அடுத்தடுத்துச் சந்தியாது. தேய்வும் எங்கும் பரவும். 13 எனும் எண்ணை யாம் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனித் தளர்ச்சி. பின்சக்கரம் மேலுங்கீழும் அசையுந்தோறும் சங்கிலி இறுகியும் நெகிழ்ந்தும் வரும். பின்கவையின் அச்சு, பின்சக்கர அச்சு, மோட்டாரின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் நிலையே மிக இறுகும் நிலை. தளர்ச்சியை அந்நிலையில் அளந்து பார்த்தல் வேண்டும். அன்றேல் மோட்டாரின் பேரிங் கெடும். மோட்டாரைப் பின்கவையின் அச்சுக்கு அணித்தாக வைப்பின் இவ்வேறுபாடு சுருங்கும்.

எஞ்சின் ஓசை இன்மையாற் சங்கிலியின் ஒலி பெரிதாகக் கேட்கும், அஞ்சற்க. அஞ்சவேண்டுவது மோட்டாரின் மௌனத்துக்கே. நிற்கும் வண்டி உயிரற்றதெனத் தோன்றும். கைப்பிடி சிறிது திரும்பினும் சங்கிலி விரலை இழுத்துக்கொள்ளும். ஆதலின் எண்ணெய் இடுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும். பதிவுச் சான்றிற் கண்ட வண்டியை உரிய அனுமதியின்றி மாற்றலாகாதென 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விலக்குதலின், எம் வண்டி சாலையேறிற்றில்லை. தோட்டத்தில் மட்டும் ஓடுகின்றது. சாவி இன்னும் தாயாரிடமே உள்ளது, கேட்டால் தருகின்றார்.